காரியதரிசியின் கணக்கு

மல்லாங்கிணறு என்று நான் சொன்னால், உங்களில் முக்கால்வாசிப் பேர், "அது எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். திருச்சுழி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். அருப்புக்கோட்டை என்றாலும் தெரியும். தறிச் சத்தத்துக்குப் பேர் போன ஊர். விருதுநகரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணெயும் பருப்பும் மிளகாயும் என்ன விலை என்று அங்கே உள்ள வியாபாரிகளைக் கேட்ட பிறகுதான் மற்ற ஊர்க்காரர்கள் வாயைத் திறப்பார்கள். விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஒரு சிறு தூக்கம் போட்டு விழித்தீர்களானால், எதிரே மல்லாங்கிணறு நிற்கும்.

1985-க்கு முன்னால் நாங்கள் எல்லோரும் இராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள். அந்த வருஷம் ஜில்லாவைப் பிரித்து, எங்கள் பக்கத்துக்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. பெயர் மாறியதே தவிர வானம் மாறவில்லை. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை; அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. பெய்தால் பருத்தி, சோளம், குதிரைவாலி, உளுந்து, கொத்தமல்லி. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட கரிசல் காட்டில், மல்லாங்கிணற்றைச் சுற்றிலும் வரலொட்டி, கல்குறிச்சி, முடுக்கன்குளம் என்று எத்தனையோ ஊர்கள். அவற்றுக்கு நடுவே பெயர்ப் பலகைகூட இல்லாத சின்னச் சின்னப் பட்டிகள். அப்படிப்பட்ட பட்டி ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் பட்டியில் தபாலாபீஸ் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, கோடையில் கிணற்றில் தண்ணீரும் கிடையாது. ஆனால் ஒரு கபடிக் குழு இருந்தது. பெரியவர்கள் அதைச் சடுகுடுக் கோஷ்டி என்பார்கள்.

அந்தக் கோஷ்டிக்கு நான் காரியதரிசி. ஆட்டம் வந்து அந்தப் பதவிக்கு வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டம் வராததால் வந்தேன். எதிராளி எல்லைக்குள் போய் நான் ஒரு தடவை பாடினேன் என்றால், பாதி வழியிலேயே மூச்சு என்னைக் கைவிட்டுவிடும். "இவனுக்குக் கணக்கு வரும், நோட்டை இவனிடம் கொடுங்கடா" என்று ஒருநாள் தீர்மானித்துவிட்டார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றும், ஒரு நீலப் பேனாவும், ஒரு தகர டப்பாவும் என் கைக்கு வந்து சேர்ந்தன. இன்று நான் உங்களிடம் சொல்லப்போவது அந்த நோட்டில் ஏறாமல் போன ஒரு கணக்கைப் பற்றித்தான்.

கபடிப் போட்டி நடத்துவது லேசான காரியம் என்று டெலிவிஷனில் மட்டும் பார்ப்பவர்கள் நினைக்கலாம். முதல் எதிரி, எங்கள் மண்தான். கரிசல் மண் பருத்திக்குத் தாய், கபடிக்கோ மாற்றாந்தாய். ஈரமானால் காலில் அப்பிக்கொண்டு ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் மாட்டிவிடும். காய்ந்தாலோ கணுக்கால் நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். ஆகையால் செம்மண்ணும் ஓடை மணலும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, கல்லையும் முள்ளையும் சலித்து, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இழுக்க வேண்டும். அப்புறம் கயிறு பிடித்து 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் களத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறோம் என்று அப்பத்தாமார்கள் வாயில் விழாமல் தப்பிக்கவும் வேண்டும்.

இரண்டாவது, நோட்டீஸ். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் அச்சடிப்பதில் கஷ்டமில்லை. யார் பெயரை முதலில் போடுவது என்பதில்தான் கஷ்டம். பத்து ரூபாய் கொடுத்தவரின் பெயர், ஐந்து ரூபாய் கொடுத்த மைத்துனரின் பெயருக்குக் கீழே வந்துவிட்டால், கலியாணம் காட்சியிலெல்லாம் பேச்சு நின்றுவிடும். மூன்றாவது, ஆட்களின் எடை. இத்தனை கிலோவுக்குள் இருப்பவர்கள்தான் ஆடலாம் என்று ஒரு வரம்பு வைப்போம். பருத்திக் கடைத் தராசில் பையன்களை ஏற்றி நிறுப்போம். எடை கூடிவிட்டவன் முதல் நாள் இராத்திரி பட்டினி கிடந்து, விடியற்காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுவான். எங்கள் ஊரில் பட்டினி கிடப்பதற்குப் பயிற்சி தேவைப்பட்டதில்லை என்றாலும், பரிசுக்காகப் பட்டினி கிடந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

பரிசு என்ன என்கிறீர்களா? முதல் பரிசு 1,001 ரூபாயும் சுழற்கோப்பையும். இரண்டாம் பரிசு 501. சில ஊர்களில் ஒரு கிடாய்; சில ஊர்களில் எவர்சில்வர் அண்டா. அண்டாவை ஏழு பேர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்ற தகராறுக்கும் நான் பஞ்சாயத்துப் பண்ணியிருக்கிறேன்.

இனி எங்கள் பாடகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடகன் என்றதும் கச்சேரி, தம்பூரா என்று போய்விடாதீர்கள். எதிராளி எல்லைக்குள் "கபடி, கபடி" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவதைத்தான் எங்கள் பக்கத்தில் பாடிப் போவது என்பார்கள். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பாடகன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வயதுதான். ஆள் ஒல்லி. ஆனால் எதிர் எல்லையில் அவன் கால் படுவதும் எடுப்பதும் கோழி கொத்துவது போல இருக்கும். ஏழு பேர் வளைத்து நிற்கிற இடத்தில் நுழைந்து, இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பாட்டை நிறுத்தாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து சிரிப்பான்.

அவன் வீடு எங்கள் ஊரின் கிழக்கே, ஓடைக்கு அந்தப் புறம் இருந்த தெருவில். கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டீக்கடையில் அந்தத் தெருக்காரர்களுக்கு வேறு தம்ளர் இருந்த காலம் அது. ஆனால் கபடி என்பது தொட்டு விளையாடுகிற ஆட்டம். தொடாமல் ஆட முடியாது. பிடிக்காமல் ஜெயிக்க முடியாது. களத்துக்குள் அவன் தோளில் கை போட்டு நின்றவர்கள், களத்தை விட்டு வெளியே வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லமாட்டேன். ஐந்து வருஷம் அவனோடு ஊர் ஊராகச் சுற்றியும், அவன் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை.

1987 தைப் பொங்கல். முந்தின வருஷம் நாங்கள் நடத்திய போட்டியில் பாதி இராத்திரியில் மழை பிடித்துக்கொண்டு, வசூல் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. சிவகாசி அச்சாபீசுக்கும், ரேடியோ செட்டுக்காரருக்கும் சேர்த்து 600 ரூபாய் பாக்கி. ரேடியோ செட்டுக்காரர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். பாக்கியை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் நடக்கிற போட்டியில் அந்த 1,001 ரூபாயைத் தட்டிக்கொண்டு வரவேண்டும்.

போட்டி அன்று சாயங்காலம், சைக்கிளை உருட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாடகன் மெதுவாக என் பக்கம் வந்தான்.

"ஒரு விஷயம். யாருகிட்டயும் சொல்லிராத" என்றான்.

"என்ன?"

"பத்து நாளைக்கு முன்னால பயிற்சியில விழுந்தேன்ல? வலது முழங்கால் வீங்குச்சு. வீக்கம் வத்திருச்சு. ஆனா திரும்பும்போது முட்டி அதுபாட்டுக்கு விலகுது. யாரோ உள்ளேருந்து தட்டிவிடுற மாதிரி இருக்கு."

வேட்டியைத் தூக்கிக் காட்டினான். முட்டியின் இரு பக்கமும் இன்னும் லேசான உப்பல் இருந்தது. அந்த நிமிஷத்தில் என் கண்ணுக்கு எது தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? முழங்கால் தெரியவில்லை. ரேடியோ செட்டுக்காரர் தெரிந்தார். என் திண்ணை தெரிந்தது. 600 என்ற எண் தெரிந்தது.

"தைலம் தேய்ச்சுத் துணியை இறுக்கிக் கட்டிக்க. இன்னிக்கு ஒரு ராத்திரிதானே? நாளைக்கு முழுக்கப் படுத்துக் கிட" என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி" என்றான். கேப்டனிடம் நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தோம். ஒவ்வொரு தடவையும் அவன் நொண்டாமல் நடந்து வந்து உட்காருவதை நான் பார்த்தேன். நொண்டாமல் நடக்க அவன் படுகிற பாட்டையும் பார்த்தேன். இராத்திரி ஒரு மணிக்கு இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். பாடகன் உள்ளே போனான். ஒருவனைத் தொட்டான். மூலையில் நின்றவனையும் தொட்டுவிட்டுத் திரும்பினான். அதற்குள் ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். கால் அங்கேயே நின்றது; உடம்பு மட்டும் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதாக நான் நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ; ஆனால் இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

பாட்டு நின்றது. ஆட்டமும் தோற்றது.

கட்டு வைத்தியரிடம் போனோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால், கால் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் மடங்கியது. மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் விஷயத்தை விளக்கினார். முழங்காலுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கிற நார் ஒன்று உண்டாம். பாதம் ஊன்றியிருக்கையில் உடம்பு திருகினால் அது அறுந்துபோகும். முதலில் விழுந்த அன்றே அது பழுதாகியிருக்க வேண்டும் என்றார். முட்டி விலகுகிறது என்று தெரிந்த பிறகும் ஆடியதால், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போலிருக்கிற குருத்தெலும்பும் கிழிந்துவிட்டது என்றார். "அப்போதே ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது" என்றார். அவர் பொதுவாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் அறுந்த நாரைச் சரிசெய்கிற ஆபரேஷன் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பாடகனுக்கு 22 வயது. ஆட்டம் முடிந்தது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள், ஜெயித்த ஊர்க் கோஷ்டியிலிருந்து ஐந்து பேர் சைக்கிளில் வந்தார்கள். என்னிடம் வந்து, "அண்ணே, அவுக வீடு எங்கே?" என்று கேட்டார்கள். கணுக்காலைப் பிடித்த பையனும் கூட வந்திருந்தான்; அவன் கண் சிவந்திருந்தது. நான் வழி காட்டிக்கொண்டு போனேன். ஓடையைத் தாண்டும்போதுதான் என் புத்திக்கு எட்டியது: நானும் இப்போதுதான் முதல் தடவையாக அந்த வீட்டுக்குப் போகிறேன்!

கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். அவர்களுடைய கேப்டன் ஒரு கவரை எடுத்துத் தலைமாட்டில் வைத்தான். 1,001 ரூபாய். "நாங்க பிடிச்ச பிடி நியாயமான பிடிதான், அண்ணே. ஆனா இந்தப் பணத்தை வச்சுக்கிட்டா எங்களுக்குச் சோறு இறங்காது" என்றான். பாடகனுடைய தாயார் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கேப்டன் எழுந்து போய்ச் செம்பை வாங்கி, மடமடவென்று குடித்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டினான். ஐந்து பேர் குடித்த பிறகு செம்பு என் கைக்கு வந்தது. "குடிங்க தம்பி" என்றாள் அந்தத் தாய். குடித்தேன். ஐந்து வருஷமாகக் குடித்திருக்க வேண்டிய தண்ணீர்.

அந்தப் பணத்தில்தான் மதுரைக்குப் போனோம். ரேடியோ செட்டுப் பாக்கியை நான் மெல்ல மெல்ல என் கைப்பணத்தில் அடைத்தேன். நோட்டில் வரவு செலவு நேராயிற்று. கண்மாய்க் கரையில் நடந்த பேச்சுக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

வாசகர்களே, ஐரோப்பாவிலே ஸ்லோவேனியா என்று ஒரு சின்ன தேசம் இருக்கிறது. அங்கே நோவோ மெஸ்தோ என்று ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அங்கே பிறந்த லியோன் ஸ்டூக்கெல் என்பவர் ஊர் உடற்பயிற்சிச் சங்கத்தில் வளையத்தில் தொங்கிப் பழகியவர். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். 1928-லும் ஒரு தங்கம். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில், 37 வயதில், வெள்ளி. அதே பெர்லினுக்குத்தான் நம் நாட்டின் அமராவதி ஹனுமான் வியாயாம் மண்டலியினர் போய், கபடி முதலிய நம் விளையாட்டுகளை உலகத்துக்கு ஆடிக் காட்டினார்கள். அந்த ஸ்டூக்கெல் 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் 97 வயதில் உற்சாகமாக வந்து நின்றார். 1999-ல், 101 வயது நிரம்ப நான்கு நாள் இருக்கையில் காலமானார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சிற்றூர்க்காரர் 37 வயதில் ஒலிம்பிக் மேடை ஏறுகிறார். இன்னொரு சிற்றூர்க்காரன் 22 வயதில் கட்டிலில் படுக்கிறான். வித்தியாசம் திறமையில் மட்டும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் என்ன சொல்கிறான் என்பதிலும் இருக்கிறது.

காலம் ஓடியது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி முதன்முறையாகப் பதக்க ஆட்டமாயிற்று. இந்தியா தங்கம் வென்றது. 2014-ல் புரோ கபடி வந்தது. 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்தது. மண் போய் மெத்தை விரிப்பு வந்தது. ஒரு பாட்டுக்கு 30 விநாடி என்று கணக்கு வந்தது. எங்கள் கோஷ்டிப் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனார்கள். நானும் உத்தியோகம் கிடைத்து மதுரைக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கலியாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பதினைந்து பெண் குழந்தைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுக்கோட்டருகே ஒரு கால் சற்று விந்தி, விசிலோடு நின்றவன் நம் பாடகன்! பகலில் சைக்கிள் கடை, சாயங்காலம் இது. குழந்தைகள் "மாஸ்டர், மாஸ்டர்" என்று சுற்றி வருகிறார்கள். களத்தில் இறங்குமுன் ஒவ்வொரு பெண்ணையும் ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதிக்கச் சொல்கிறான். முட்டி ஆடுகிறதா என்று குனிந்து பார்க்கிறான். ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். "நீ இன்னிக்கு உட்காரு" என்றான். "மாஸ்டர், நாளன்னிக்குப் போட்டி இருக்கே!" என்று அவள் கெஞ்சினாள். "போட்டி அடுத்த மாசமும் இருக்கும். கால் இருக்காது" என்றான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, களத்து ஓரத்தில் உட்கார்ந்தோம். முப்பத்தாறு வருஷம் தொண்டையில் நின்றதை நான் சொன்னேன். அன்று நான் பாக்கியைத்தான் நினைத்தேன், உன் காலை நினைக்கவில்லை என்றேன்.

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். கதைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் அப்படிச் சொல்லவில்லை. விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "அன்னிக்கு நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேன். அதுக்குத்தான் உன்கிட்ட வந்து சொன்னேன்" என்றான்.

நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்தான். எழுவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டான். "வா, வீட்டுக்குப் போகலாம். தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றான். போனேன்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், வடுவூர் அபினேஷும் கபடியில் தங்கம் வாங்கிய செய்தி வந்ததே, அன்று அவன் எனக்குப் போன் செய்தான். அவன் குழந்தைகள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தானாம். "நம்ம பிள்ளைகளும் ஒருநாள் போகும்" என்றான். போகும் என்றுதான் நானும் நம்புகிறேன். இப்போது மாதா மாதம் அந்தக் குழந்தைகளின் வரவு செலவு நோட்டை நான்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்விடுகிறேன். முதல் பக்கத்தில் ஒரு தலைப்புப் போட்டிருக்கிறேன்: 'கால் வலி சொன்னவர்கள்'. வரவு அதற்கு அப்புறந்தான்.

உங்கள் வீட்டிலும் ஓடி விளையாடுகிற பிள்ளை இருக்கலாம். ஒருநாள் அது உங்கள் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், "முட்டி விலகுது" என்று சொல்லலாம். அப்போது உங்கள் மனசில் கோப்பை, மார்க்கு, பாக்கி என்று எது ஓடினாலும், ஒரு நிமிஷம் அதைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் காலைப் பாருங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அது உங்களிடம் வந்திருக்கிறது.